ஆத்தூர்ப் பிள்ளையின் தீப்பெட்டி

நம் வயதுக்காரர்கள் சிலருக்காவது இது நினைவிருக்கும். பொங்கல் லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்ததும், ஒரு நாள் வகுப்பில் ஆளுக்கொரு காலித் தீப்பெட்டி கொடுப்பார்கள். மறுநாள் காலையில் வெளிக்கு இருந்துவிட்டு, அதில் புளியங்கொட்டை அளவு எடுத்துப் பெட்டிக்குள் வைத்து, மேலே பேர் எழுதிக் கொண்டுவர வேண்டும். வயிற்றில் பூச்சி இருக்கிறதா என்று சோதிக்க. இதைச் சொன்னால் என் பேரன் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுகிறான். அவன் பள்ளியில் சோதனையெல்லாம் கிடையாது. வரிசையில் நிறுத்தி எல்லாருக்கும் மாத்திரை கொடுத்து, மென்று விழுங்குகிற வரை டீச்சர் நின்று பார்க்கிறார். அது நல்ல ஏற்பாடு. ஏன் நல்லது என்று நான் சொல்லக் கேளுங்கள். ஐம்பது வருஷத்துக்கு மேலாக அந்தக் கதையை நான் யாரிடமும் சொன்னதில்லை.

என் அப்பா சுகாதார ஆய்வாளர். தூத்துக்குடியின் தெற்கு ஓரத்தில், உப்பளங்களை ஒட்டியிருந்த எங்கள் பகுதியில் அவரை ‘ஹெல்த் அண்ணாச்சி’ என்பார்கள். காக்கி உடுப்பு. சைக்கிள் கேரியரில் எப்போதும் ஒரு பிளீச்சிங் பவுடர் டின். அவர் தெருவுக்குள் நுழைவதற்கு முன்பே அந்த நெடி நுழைந்துவிடும். கிணற்றுக்கு மருந்து போடுவதும் அம்மை குத்துவதும் அவர்தான். அந்த வருஷம் பள்ளிக்கூடங்களில் பூச்சி சோதிக்கும் வேலையும் அவர் தலையில் விழுந்தது. கோவில்பட்டிப் பக்கமிருந்து குச்சி அடைக்காத புதுத் தீப்பெட்டிகளைச் சாக்கில் கட்டிக் கொண்டுவந்தார். பச்சைக் கிளி போட்ட லேபிள். பசை வாசம்கூடப் போகவில்லை. நாலாம் வகுப்பில் இருந்த எனக்கு அந்தச் சாக்கைப் பார்க்கப் பெருமையாக இருந்தது. உள்ளே என்ன வரப்போகிறது என்பதெல்லாம் அப்போது பெரிதாகத் தோன்றவில்லை.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளை எல்லாரும் ‘ஆத்தூர்ப் பிள்ளை’ என்றுதான் சொல்வார்கள். டீச்சரும் அப்படித்தான் கூப்பிடுவார். அவளுக்கு அப்பா இல்லை. ஆத்தூரில் அவள் அம்மா வெற்றிலைக் கொடிக்காலில் வேலை பார்த்தாள். அங்கே வேலை நின்றுபோனதும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இங்கே உப்பளத்துக்கு வந்துவிட்டாள். கொடிக்காலைப் பற்றி அந்தப் பிள்ளை சொல்லச் சொல்ல எனக்கு ஆசையாக இருக்கும். நடுமத்தியானத்தில்கூட உள்ளே வெயில் விழாது என்பாள். அகத்தி மரங்களில் கொடி ஏறி, மேலே கூரை மாதிரி மூடிக்கொண்டிருக்கும். கீழே கணுக்காலுக்குச் சில்லென்று ஈரமண். “செருப்புப் போட்டுட்டுப் போகக் கூடாது. வெறுங்கால்தான். மழைக் காலத்துல வெரல் இடுக்கெல்லாம் ஒரே அரிப்பா அரிக்கும். கொடிக்காலுக்குப் போறவுக எல்லாத்துக்கும் அரிக்கும்” என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். எங்கள் பக்கத்தில் நிழலும் கிடையாது, ஈரமும் கிடையாது. பார்க்கிற இடமெல்லாம் வெள்ளை வெளேரென்று உப்பு. அதனால் அரிப்பு உட்பட எல்லாமே எனக்கு அழகாகத் தெரிந்தது.

அவள் நன்றாக வாசிப்பாள். எழுத்துக்கூட்டாமல், அர்த்தம் புரிந்து, கதை சொல்கிற மாதிரி வாசிப்பாள். ஆனால் நாலு வரி போனதும் நின்றுவிடுவாள். மூச்சு வாங்கும். ஒரு கையால் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்து காற்றை இழுப்பாள். டீச்சர் அதைப் பாடம் தெரியாமல் முழிப்பது என்று எடுத்துக்கொண்டார். மத்தியானம் அவள் தூங்கி விழுவாள். முகம் மெழுகுவர்த்தி நிறத்தில் இருக்கும். “ஏளா ஆத்தூர்ப் பிள்ள, இது பள்ளிக்கொடமா, ஒங்க வீட்டுப் பாயா?” என்று டீச்சர் கேட்கும்போது நாங்கள் சிரித்திருக்கிறோம். நானும் சிரித்திருக்கிறேன்.

அவள் சிலேட்டுக் குச்சி தின்பாள். என் பெட்டியில் கிடந்த உடைந்த குச்சிகளை எல்லாம் அவளுக்கே கொடுத்தேன். அது தீர்ந்தால் சுவர்க் காரையை நகத்தால் பெயர்ப்பாள். ஆத்தூரிலிருந்து ஒரு துணியில் முடிந்து கொண்டுவந்த மண் கொஞ்சம் அவளிடம் இருந்தது. அதிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வாள். ஒரு நாள் டீச்சர் பார்த்துவிட்டார். “மண்ணத் தின்னா வயித்துல பூச்சிதான் வளரும். அதான் இப்படி வெளுத்துக் கெடக்க” என்று துணியோடு வாங்கி ஜன்னல் வழியாக வீசினார். மண் தின்றதால் பூச்சி என்றுதான் அன்று எல்லாரும் நினைத்தார்கள். உண்மை நேர் எதிராக இருந்தது. உள்ளே ஒன்று அவள் ரத்தத்தைக் குடித்துக்கொண்டிருந்தது. ரத்தம் குறைந்த உடம்புதான் மண்ணையும் காரையையும் கேட்டது. இதைத் தெரிந்துகொள்ள எனக்குப் பல வருஷமானது.

தீப்பெட்டி கொடுத்த அன்று டீச்சர் ஒரு வார்த்தை சொன்னார். எல்லாரும் தவறாமல் கொண்டுவர வேண்டும் என்பதற்காகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். கெட்ட மனுஷி இல்லை. “யாரு யாரு வயித்துல பூச்சி இருக்குன்னு தெரிஞ்சிரும். இருக்கவங்களத் தனியா ஒக்கார வைக்கப் போறோம். அப்பத்தான் மத்தவங்களுக்கு ஒட்டாது. வெறும் பெட்டியோட வந்தா பள்ளிக்கொடத்துக்குள்ளயே விட மாட்டேன்.”

மறுநாள் காலையில் பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில், உடைமரப் புதருக்குப் பக்கத்தில் அவள் எனக்காக நின்றுகொண்டிருந்தாள். கையில் கிளிப் பெட்டி. குலுக்கிக் காட்டினாள். சத்தமே இல்லை.

“வரலியா?” என்று கேட்டேன்.

“வந்துச்சு. வைக்கல.”

“ஏன்?”

“எனக்குப் பூச்சி இருக்கும். மண்ணுல்லா தின்னுருக்கேன். தனியா ஒக்கார வச்சிருவாவ. பொறவு வெளிய அனுப்பிருவாவ.” கொஞ்சம் மூச்சு வாங்கினாள். “ஒன் பெட்டியில இருந்து பாதி தாயேன்.”

இன்றைக்கு யோசித்தால் சிரிப்பாக வருகிறது. அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் ஹெல்த் அண்ணாச்சியின் மகள். என் வயிற்றில் பூச்சி இருக்கச் சந்தர்ப்பமே இல்லை என்று அப்பா சொல்லியிருந்தார். அந்தச் சுத்தத்தில் பாதியை அவளுக்குக் கொடுப்பது எனக்கு ஒரு தானம் மாதிரித் தோன்றியது. ஒரு குச்சியை ஒடித்து, என் பெட்டியில் இருந்ததைப் பாதியாக்கி அவள் பெட்டிக்குள் தள்ளினேன். அவள் பென்சிலால் தன் பேரை, அப்பா பேரின் முதல் எழுத்தோடு, குண்டு குண்டாக எழுதினாள். அவ்வளவு அழகான கையெழுத்து எங்கள் வகுப்பில் வேறு யாருக்கும் இல்லை.

இரண்டு வாரம் கழித்து அப்பா பட்டியலோடு வந்தார். வகுப்பில் பாதிப் பேருக்கு மேல் பூச்சி இருந்தது. பெரும்பாலும் நாக்குப்பூச்சி. டீச்சர் பேர் வாசிக்க வாசிக்க ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். என் பேரும் வரவில்லை, அவள் பேரும் வரவில்லை. நின்றவர்களை யாரும் தனியாக உட்கார வைக்கவில்லை. வராந்தாவுக்குக் கூட்டிப்போய் மருந்து கொடுத்தார்கள். கசப்புப் போக ஆளுக்கொரு வாழைப்பழமும் கொடுத்தார்கள். திரும்பி வந்து அவரவர் இடத்தில் உட்கார்ந்து பழத்தோலை வைத்து விளையாடினார்கள்.

ஆத்தூர்ப் பிள்ளை அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“சொல்லிருவமா?” என்றேன்.

“வேண்டாம். இப்பச் சொன்னா ஏமாத்துனதுக்கு அடிப்பாவ.”

அது சரி என்றே எனக்கும் பட்டது. டீச்சர் பட்டியலை மடித்துக்கொண்டே, “ஏளா, ஒனக்குத்தான் பூச்சியும் இல்லையே. அப்ப இந்தத் தூக்கமெல்லாம் வெறும் மடிதான” என்றார். எங்கள் பக்கத்தில் மடி என்றால் சோம்பல்.

மாசி பிறந்தது. உப்பளத்தில் வேலை சூடுபிடிக்கிற மாதம். ஒரு சாயங்காலம் அந்தப் பிள்ளையின் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தாள். உப்புப் பட்டுப் பட்டு வெடித்த பாதங்களோடு படியிலேயே நின்றுகொண்டாள். மகள் வெளியே வாசல் கேட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் கதவுக்குப் பின்னால் இருந்தேன்.

“அண்ணாச்சி, பிள்ள எந்நேரமும் சொணங்கியே கெடக்கா. ஒரு கொடம் தண்ணி தூக்குனா நெஞ்சப் புடிச்சிட்டு ஒக்காந்துருதா. பள்ளிக்கொடத்துல என்னமோ பூச்சி பாத்தியளாமே?”

அப்பா உள்ளே போய்ப் பதிவேட்டை எடுத்துவந்து புரட்டினார். அவர் விரல் அந்தப் பேரில் நின்றதைப் பார்த்தேன். “ஒண்ணுமில்லன்னுதான் வந்திருக்கும்மா. சுத்தமா இருக்கு.”

“வேற பெரிய பூச்சி எதுவும் இருக்குமோ? ரத்தத்தக் குடிக்குமாமே.”

“கொக்கிப்புழுவச் சொல்லுதிய. அது இந்த உப்பு மண்ணுல பொழைக்காது. கீரை குடுங்க, முட்டை குடுங்க, தேறிருவா.”

முட்டை என்றதும் அவள் லேசாகச் சிரித்தாள். “அப்ப வியாதி இல்லைங்கிய.”

“வியாதி இல்ல.”

“வியாதி இல்லன்னா மடிதான் அண்ணாச்சி. டீச்சரும் அதத்தான் சொன்னாவ. படிப்பும் ஏறல, வேலையும் செய்ய மாட்டேங்கா. என்கூட உப்புப் பாத்திக்காவது வரட்டும்.”

நாலு அடி எடுத்துவைத்தால் கேட்டு. அப்பா வெளியே போய் அந்தப் பிள்ளையைப் பார்க்கவில்லை. பதிவேட்டை மூடி வைத்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்று என் கட்டைவிரல் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்து ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். அடிக்குப் பயந்தேனா, அப்பாவின் பதிவேடு பொய்யாகிவிடும் என்று பயந்தேனா, இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. மறுநாள் என் பக்கத்து இடம் காலியாக இருந்தது.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. கோயிலுக்குப் போய்விட்டு வந்து அப்பா சாப்பிட உட்கார்ந்திருந்தார். வாசலில் மீன்காரம்மா அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தது உள்ளே கேட்டது. “அந்த ஆத்தூர்ப் பிள்ள நேத்து உப்பு ஓலப்பெட்டியோட பாத்திக்குள்ள விழுந்துட்டாளாம். தூக்கிட்டுப் போயிக் குடிசையில போட்டுருக்காவ. மூச்சு மட்டுந்தான் ஓடுதுங்காவ.”

நான் அப்பாவின் தட்டுக்கு முன்னால் போய் நின்றேன். எப்படி ஆரம்பித்தேன் என்று நினைவில்லை. “அந்தப் பெட்டியில இருந்தது என்னுது” என்று சொன்னது மட்டும் நினைவிருக்கிறது. அப்பாவுக்கு முதலில் புரியவில்லை. உடைமரம், குச்சி, பாதி, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கை சோற்றில் அப்படியே நின்றது.

“வேற யாருக்குத் தெரியும்?”

“எங்க ரெண்டு பேருக்குந்தான்.”

அடிப்பார் என்று நினைத்தேன். அவர் எழுந்து கை கழுவினார். “செருப்பப் போடு” என்றார்.

சைக்கிளில் முன் கம்பியில் உட்கார்ந்து போனேன். வெயிலில் உப்புப் பாத்திகள் கண்ணைக் கூச வைத்தன. குடிசைக்குள் அவள் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். பாத்தியில் விழுந்ததில் முழங்கை கிழிந்து, உப்புத்தண்ணீர் பட்டுப் புண் வெளிறியிருந்தது. கால்கள் லேசாக வீங்கியிருந்தன. அப்பா குனிந்து அவள் கண்ணின் கீழ் இமையைக் கட்டைவிரலால் இழுத்தார். நானும் பார்த்தேன். உள்ளே சிவப்பு என்பதே இல்லை. செவுள் வெளுத்த மீனை எங்கள் ஊரில் ஒருத்தரும் கையால் தொட மாட்டார்கள். மீன் செவுளைத் தூக்கிப் பார்த்தே வாங்கிப் பழகிய அந்த ஊரில், ஒரு பிள்ளையின் இமையை இழுத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

“இத அன்னைக்கே பாத்துருக்கணும்” என்றார் அப்பா. யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. “வாசல்லதான ஒக்காந்துருந்தா.”

அன்றைக்கே அவளைப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்தார்கள். திங்கட்கிழமை அப்பா என்னைப் பள்ளிக்கு அனுப்பாமல் சோதனைக்கூடத்துக்குக் கூட்டிப் போனார். அங்கே மைக்ராஸ்கோப் பார்க்கும் அக்கா ஒருத்தி இருந்தாள். கடற்கரைத் தெருவில் பிறந்தவள், சத்தமாகப் பேசுவாள். என்னை ஸ்டூலில் ஏற்றி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கச் சொன்னாள். வெளிச்ச வட்டத்துக்குள் கண்ணாடி மாதிரி ஒரு முட்டை. மெல்லிய ஓடு. உள்ளே நாலு மணிகள் ஒட்டிக்கொண்டிருந்தன. நகர்த்தினாள். இன்னொன்று. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று.

“இதான் கொக்கிப்புழு முட்டை” என்றாள். “புழு இங்க இல்ல. அது அந்தப் பிள்ள கொடலுக்குள்ள கடிச்சிட்டுத் தொங்குது. வெள்ளை நூல் துண்டு கணக்கா, அரை அங்குலம்கூட இருக்காது. ஒண்ணு ரெண்டுன்னா பரவாயில்ல. இது ஏகப்பட்டது இருக்கும்போல.”

“உப்பளத்துல எப்படிம்மா?” என்று அப்பா கேட்டார். அவர் குரலில் இன்னும் கொஞ்சம் பதிவேடு மிச்சமிருந்தது.

“உப்பளத்துல வராது சார். நிழல் வேணும், ஈரம் வேணும். முட்டை அந்த மாதிரி மண்ணுல விழுந்தா ரெண்டு நாள்ல பொரிச்சிரும். குஞ்சு மண்ணுலயே காத்துக் கெடக்கும். வெறுங்கால் பட்டா தோலத் தொளச்சி உள்ள போயிரும். மொதல்ல அரிக்கும், அம்புட்டுத்தான் தெரியும். பொறவு ரத்தத்தோட நுரையீரலுக்குப் போயி, தொண்டைக்கு ஏறி, எச்சியோட எறங்கிக் கொடலுக்குப் போயிரும். போனா வருஷக்கணக்கா அங்கனயே குடியிருக்கும். இந்தப் பிள்ள முன்ன எங்கன இருந்தா?”

“கொடிக்கால்ல” என்றேன் நான். விரல் இடுக்கில் அரிக்கும் என்று அவள் சிரித்தது நினைவுக்கு வந்தது.

“அப்ப அங்கன இருந்துதான் கொண்டாந்துருக்கா.” என் முகத்தைப் பார்த்துவிட்டு அந்த அக்கா குரலைத் தணித்தாள். “பயப்படாத. இந்த நூல்புழுக் குடும்பம் ரொம்பப் பெருசு. கடலுக்கடியில சகதியில இருக்கு. வாழை வேருல இருக்கு. மீன் அரியும்போது கொடல்ல சுருண்டு கெடக்குமே, அதுவும் இந்தச் சாதிதான். நம்ம காலுக்குக் கீழ எங்க தோண்டினாலும் இருக்கும். முக்காவாசி யாரையும் ஒண்ணும் செய்யாது. இத மாதிரி சிலதுதான்.”

எனக்கு அது ஆறுதலாக இல்லை. பல நாள் தரையில் கால் வைக்கவே கூசினேன்.

ஆஸ்பத்திரியில் அவள் அம்மா அப்பாவிடம் கேட்டாள். “அன்னைக்கு ஒண்ணுமில்லன்னியளே அண்ணாச்சி?”

அப்பா என்னைப் பார்க்கவில்லை. “பெட்டி மாறிப் போச்சும்மா. எங்க பக்கந்தான் தப்பு” என்றார்.

ஹெல்த் அண்ணாச்சியே தப்பு என்று சொன்னபிறகு அவள் என்ன சொல்வாள்? கும்பிட்டாள். நான் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் நின்றேன். எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால்தான் இன்று அதிகமாக வெட்கமாக இருக்கிறது.

பெரியவர்கள் வெளியே போனதும் அவள் என்னைக் கிட்டே கூப்பிட்டாள்.

“சொல்லிட்டியா?”

தலையாட்டினேன்.

“தனியா ஒக்கார வைப்பாவளா?”

“இல்ல. யாரையும் வைக்கலல்லா.”

“அப்ப நான் பள்ளிக்கொடத்துக்கு வரலாமா?”

“வரலாம்” என்றேன். ஒன்பது வயதில் அப்படி வாக்குக் கொடுக்க எனக்கு என்ன தகுதி என்று அப்போது தெரியாது.

பூச்சி மருந்து கொடுத்தார்கள். ரத்தம் ஊறுவதற்கு மாதக்கணக்கில் சாப்பிட மாத்திரையும் கொடுத்தார்கள். அதைச் சாப்பிட்டால் வெளிக்குக் கறுப்பாகப் போகும் என்று யாரும் சொல்லாததால் முதல் நாள் பயந்து அழுதாளாம். அப்பா வாரம் ஒரு தடவை அவள் குடிசைக்குப் போனார். அவளுக்குப் பழைய செருப்பு ஒரு ஜோடி கொண்டுபோய்க் கொடுத்தார். அதிலிருந்து ரிட்டயர் ஆகிறவரை எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனாலும் முதலில் பிள்ளைகளின் இமையைத்தான் இழுத்துப் பார்ப்பார். அதற்கப்புறந்தான் காகிதம். அந்தப் பழைய பட்டியலைத் திருத்தி அனுப்பினாரா என்பதை மட்டும் நான் கேட்டதும் இல்லை, அவர் சொன்னதும் இல்லை.

அவளை நான் கடைசியாகப் பார்த்தது அந்த ஜூனில். பள்ளிக்கூடம் திறந்து ஒரு வாரமாகியும் அவள் வரவில்லை. அப்பாவை நச்சரித்தேன். அவருக்கும் மனசில் இருந்திருக்க வேண்டும். சனிக்கிழமை காலையில் என்னையும் ஏற்றிக்கொண்டு உப்பளத்துக்கே போனார்.

அவள் அம்மா பலகையால் உப்பு வாரிக்கொண்டிருந்தாள். அந்தப் பிள்ளை நிரம்பிய பெட்டியைத் தலையில் வைத்து வரப்பில் நடந்து போய், குவியலில் கொட்டிவிட்டு வந்தாள். உதட்டில் சிவப்பு ஏறியிருந்தது. கன்னம் சதை வைத்திருந்தது. முதலில் எனக்கு அடையாளமே தெரியவில்லை.

“பள்ளிக்கொடம் தொறந்துட்டும்மா” என்றார் அப்பா. “பிள்ள நல்லா வாசிப்பாளாமே. டீச்சர்ட்ட நான் பேசுதேன். அனுப்பி வைங்க.”

அவள் பலகையை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தாள். அவள் முகத்தில் நன்றி இருந்தது. அதில் பொய் ஒன்றும் இல்லை.

“ஒங்க புண்ணியத்துல பிள்ள தேறிட்டா அண்ணாச்சி. முன்ன ஒரு கொடம் தூக்க மாட்டா. இப்ப எனக்குச் சமமாச் சொமக்கா. கங்காணியே நல்ல பிள்ளங்காரு. இப்பப் போயி எதுக்கு நிறுத்தணும்? சின்னவன அனுப்புதேன். அவன் படிக்கட்டும்.”

அப்பா சைக்கிள் மணியின் மேல் கட்டைவிரலை வைத்து, அடிக்காமல், அப்படியே நின்றார். சோம்பேறி என்று பள்ளியிலிருந்து நிறுத்தினார்கள். இப்போது நன்றாக வேலை செய்கிறாள் என்று அனுப்ப மறுக்கிறார்கள். குணமாக்கியது அவர்தான். அவர் என்ன வாதம் செய்ய முடியும்?

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். வெறும் பெட்டியை வரப்பில் போட்டாள்.

“எனக்கு இப்ப மூச்சு வாங்கல, பாரு” என்றாள்.

சொல்லிவிட்டு ஓடினாள். இரண்டு பக்கமும் உப்புத் தண்ணீர் நிற்க, ஒரு முழ அகல வரப்பில், அப்பா கொடுத்த செருப்பு டப் டப்பென்று அடிக்க, அந்தக் கடைசி வரை ஓடினாள். அங்கே திரும்பி அதே வேகத்தில் வந்து எங்கள் முன்னால் நின்றாள். வாயை மூடிக்கொண்டு மூக்கால் மூச்சு விட்டுக் காட்டினாள். நெற்றியில் வியர்வை. கண்ணெல்லாம் சிரிப்பு.

குவியல் பக்கமிருந்து கங்காணி குரல் கொடுத்தார். அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு போனாள்.

திரும்பும்போது அப்பா சைக்கிளில் ஏறவில்லை, உருட்டிக்கொண்டே வந்தார். ரயில்வே கேட்டு வரை வந்துவிட்டோம். கேட்டு மூடியிருந்தது. சரக்கு வண்டி ஒன்று துறைமுகத்தைப் பார்த்து நீளமாகப் போய்க்கொண்டிருந்தது.

“அந்தப் பிள்ள நல்லா ஓடுதா, இல்லளா?” என்றார்.

“ஆமாப்பா” என்றேன்.